நட்டில் காய்ந்த ரத்தம்

அத்தியாயம் 6

போக்குவரத்து அலுவலகத்தின் பின்கட்டில் குதிரை இல்லாத குதிரை வண்டி ஒன்று மூன்று சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான்காவது சக்கரத்தைச் சுவரில் சாய்த்து, ஆரக்காலில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் 'சாட்சியம்' என்று எழுதியிருந்தது. சக்கரம் அதற்காகப் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை.

தமியானா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "படி" என்றாள்.

அவளுடைய உதவியாளன் ஷஸ்லி அறிக்கையின் நகலைப் பிரித்தான். சட்டக் கல்லூரியை மூன்றாம் ஆண்டில் விட்டு ஓடியவன் அவன். அரசாங்க நடையை வாசிக்கும்போது மட்டும் அவன் குரலில் ஒரு பக்தி வந்துவிடும். "'இடது பின்சக்கரத்தின் குடத்தில் மசகு அறவே இல்லை. பல மாதங்களாக இடப்படவில்லை. உலர்ந்த உராய்வினால் நட்டு கழன்று, சக்கரம் விலகியது. நட்டு கிடைக்கவில்லை. ஓட்டுநரின் முழு அலட்சியம்.' கையெழுத்து, பொறியாளர். மூணு முத்திரை."

தமியானா சக்கரத்தின் நடுவிலிருந்த குடத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்தாள். இரண்டாவது கணு வரை மஞ்சள் கிரீஸ். புதுசு. மண் கூடக் கலக்கவில்லை.

"தேனா இருக்கலாம் மேடம். நிபுணர் பொய் சொல்ல மாட்டாரு" என்றான் ஷஸ்லி.

காவலுக்கு நின்ற போலீஸ்காரன் நல்லவன்; நிபுணரைப் பற்றிக் கேட்டதும் பெருமையாகவே சொன்னான். பொறியாளர் வந்தது தியாகப் பெருநாள் அன்று மாலை. புதுச் சப்பாத்து. பின்கட்டில் சாணி. ஆகவே மாடி ஜன்னலிலிருந்தே வண்டியைப் பார்த்து, அங்கேயே நின்று அறிக்கையை எழுதிவிட்டு, பெருநாள் விருந்துக்குப் போய்விட்டார். மாடியிலிருந்து பார்த்தே குடத்தின் உள்பக்கத்தைச் சொல்லிவிட்ட கண் அது என்று போலீஸ்காரன் வியந்தான். தமியானாவும் வியந்தாள். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பன்னிரண்டு வருடம் உடைந்த வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவள் அவள். ஜன்னல் வசதி அவளுக்கு அமையவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். நாலு நாளைக்கு முன்பு, பெருநாள் அன்று மதியம், நாற்பத்தொன்றாம் எண் வண்டியின் பின்சக்கரம் ஆற்றங்கரைச் சாலை வளைவில் கழன்று ஓடியது. வண்டியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் லுத்ஃபிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்று மாலை நாலு மணிக்கு, அஸர் தொழுகை முடிந்ததும், விசாரணை. குற்றம் அலட்சியம் என்று முடிவானால் வண்டிக்காரர் பஸ்தாவியின் எண் தகடு பறிபோகும். கோம் சஃபா ஊரில் புதிய தகடு கொடுப்பதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. தகடு போனால் வண்டி விறகு. குதிரை செங்கல் சூளைக்கு. பஸ்தாவி எங்கே போவார் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை.

தமியானாவை அமர்த்தியது பஸ்தாவி இல்லை. எலும்பு முறிந்த வாத்தியார்தான். கட்டுப் போட்ட கையோடு அவளுடைய அலுவலகத்துக்கு மாடி ஏறி வந்தார். காய்ந்த அச்சு கத்தும் என்றார். தான் ஏறிய வண்டி விழுகிற வரை ஒரு முனகல் கூட முனகவில்லை என்றார். எலும்பு முறிந்ததைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. விடைத்தாளில் காரணத்தைத் தப்பாக எழுதி முழு மதிப்பெண் வாங்கப் பார்க்கிறார்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தமியானா கழன்ற சக்கரத்தை விட்டு எழுந்து, கழலாத மூன்றையும் பார்க்கப் போனாள். ஷஸ்லி அறிக்கையைப் புரட்டினான். அவற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விழாத சக்கரம் எந்த அரசாங்கத்தின் கண்ணிலும் படாது.

ஒவ்வொரு நட்டின் மேலும் கறுஞ்சிவப்பாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது.

"ரத்தம்" என்றான் ஷஸ்லி, குரலைத் தாழ்த்தி. "ஆட்டு ரத்தம். சமையலறை வரைக்கும் போற வழக்கு மேடம் இது."

பெருநாள் விடியலில் ஆட்டை அறுத்ததும் வண்டிக்காரர்கள் ரத்தத்தில் கையைத் தோய்த்து வண்டியின் முதுகில் ஓர் அறை வைப்பார்கள். கண் படாமல் இருக்க. கையில் மிச்சமிருப்பதை நாலு நட்டுக்கும் கட்டை விரலால் பூசுவார்கள். வண்டியின் முதுகில் பஸ்தாவியின் ஐந்து விரலும் அப்படியே இருந்தன.

தமியானா வலது பின்சக்கர நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். அது கேட்ட பக்கம் சுற்றியது. முன்சக்கரங்கள் இரண்டிலும் அதே கதை. மூன்றுமே கழன்று விழ இன்னும் நாலைந்து சுற்றுதான் பாக்கி. ஆனால் நட்டின் ஆறு மூலையிலும் காய்ந்த ரத்தம் ஒரு செதில் கூட உதிராமல் இருந்தது.

"ஸ்பேனர் வச்சிருந்தா மூலையில இருக்கிறது முதல்ல கொட்டியிருக்கும்" என்றாள். "பெருநாள் காலைக்கு அப்புறம் யாரும் இதுல இரும்பு வைக்கலை. ஆனா மூணும் கழண்டிருக்கு."

"தானாவா?"

"அதைத்தான் வண்டிக்காரர்கிட்ட கேட்கப் போறோம்."

பஸ்தாவி தன் வீட்டுக் கொட்டடியில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மீசை அவரைவிடப் பத்து வயது இளையது. ஃபுல்லா என்ற அந்த வெள்ளைக் குதிரை நாலு நாளாக வேலையில்லாமல் கொழுத்து, வந்தவர்களை எஜமானி மாதிரி ஏற இறங்கப் பார்த்தது. தேநீர் வந்தது. பெருநாள் இறைச்சி வந்தது. சாப்பிடாமல் பேச முடியாது என்றார். ஷஸ்லி உடனே ஒத்துழைத்தான்.

பஸ்தாவியிடம் பதில் தயாராக இருந்தது. நட்டைக் கழற்றியது ஹம்மாம். இருபத்தேழாம் எண் வண்டி. பதினைந்து வருடமாக இவர் மேல் பொறாமை. இவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் ஸ்பேனரோடு வந்து வேலையைக் காட்டிவிட்டான். பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள் தமியானா. பார்க்க வேண்டுமா, அவன் மூஞ்சியைப் பார்த்தால் போதாதா என்றார். மூஞ்சியை நாலு மணிக்கு மேசை மேல் வைக்க முடியாது என்றான் ஷஸ்லி, வாயில் இறைச்சியோடு.

தமியானா பேச்சைக் கிரீஸ் பக்கம் திருப்பினாள். பஸ்தாவியின் முகம் மாறியது. இது அவர் பேச விரும்பிய சங்கதி.

பெருநாளுக்கு முந்தின நாள் நாலு சக்கரத்தையும் இறக்கினாராம். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினாராம். அச்சைத் துணியால் துடைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். சொரசொரப்பு இருந்தால் கைக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். புதுக் கிரீஸைக் குடத்தில் கையாலேயே அடைத்தாராம். நட்டு ஏறும் மரைக்கும் தனியாக ஒரு பூச்சு. சில முட்டாள்கள் மரைக்குப் பூசுவதில்லை, ஒரு வருடத்தில் நட்டு துருவேறி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுத்தியல்தான் என்றார். சில முட்டாள்கள் என்றபோது இருபத்தேழாம் எண்ணின் திசையில் பார்த்தார்.

"நட்டுக்குக் கடையாணி போட மாட்டீங்களா, உஸ்தா?"

பஸ்தாவி பரிதாபத்தோடு சிரித்தார். வண்டிக்காரனை உஸ்தா என்று மரியாதையாகக் கூப்பிடத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற பரிதாபம். "மேடம், வலது பக்க அச்சுல மரை வலது சுத்து. இடது பக்கம் இடது சுத்து. வண்டி முன்னால போகப் போக, சக்கரமே நட்டை இறுக்கிக்கும். நான் கையால முறுக்கி விடுவேன், மிச்சத்தை ரோடு முறுக்கும். எங்க ஹந்தூர் வண்டிக்குக் கடையாணி எதுக்கு?"

"அப்போ பின்னால போனா?"

தேய்க்கிற கை நின்றது.

"பின்னால போனா கழலுமா, உஸ்தா?"

"ரெண்டடி, மூணடி போனா ஒண்ணும் ஆகாது" என்றார் பஸ்தாவி. "நீளமாப் போனா, எறங்கி ஸ்பேனரைப் போட்டு ஒரு சுத்து விட்டுட்டு ஏறணும். நாப்பது நாள் ஓட்டினவனுக்குக் கூடத் தெரியும்."

"பெருநாள் அன்னிக்கு நீங்க நீளமாப் போனீங்களா?"

பஸ்தாவி தமியானாவின் குடும்பத்தை இழுத்து வசவு எதுவும் சொல்லவில்லை. அவள் பெண்ணாக இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்பது குதிரைக்கே தெரிந்தது. தான் மானத்துக்குப் பேர்போன தென்னாட்டில், சயீத் மண்ணில், பிறந்தவன் என்றார். தன் அப்பனும் பிறந்தவன் என்றார். இருபத்தாறு வருடத்தில் யாருக்காகவும் ஓரடி பின்வாங்கியதில்லை, அன்று ஆற்றங்கரைச் சாலையில் நேராக வந்தேன், வாத்தியாரை ஏற்றினேன், அவ்வளவுதான் என்றார். தேநீர்த் தம்ளர்களை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஷஸ்லியின் தட்டில் இன்னும் இறைச்சி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

"கொலை செஞ்சியான்னு கேட்டிருந்தா இன்னொரு தட்டு வந்திருக்கும்" என்றான் ஷஸ்லி தெருவில்.

"வாத்தியார் எங்க ஏறினதா சொன்னாரு?"

ஷஸ்லி குறிப்பேட்டைப் பார்த்தான். மசாலாச் சந்து முனையில். அங்கிருந்து சக்கரம் கழன்ற வளைவு வரைக்கும் அறுபத்திரண்டு தப்படி என்று வாத்தியார் ஒரு கையால் எழுதிக் கொடுத்திருந்தார்.

"அப்போ வண்டி ஆத்தங்கரை ரோட்டுல நேரா வரலை; வந்திருந்தா ரோடு நட்டை இறுக்கியிருக்கும். சந்துக்குள்ள இருந்து வந்திருக்கு."

மசாலாச் சந்து ஒரு வண்டி போகிற அகலம். இரண்டு வண்டி போகும் என்று நம்பியவர்கள் பலமுறை சண்டை போட்டதால், போன வருடம் அதை ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். போக்குவரத்து அதிகாரி முர்ததா பே நாடா வெட்டி, சந்து முனையில் அம்புக்குறிப் பலகையைத் திறந்து வைத்து, ஒழுங்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரமும் சந்தில் யாராலும் போக முடியவில்லை. அம்பு ஆற்றங்கரையிலிருந்து உள்ளே போகச் சொன்னது. மறுமுனையிலிருந்து எந்த வண்டியும் வரக் கூடாது.

முனையிலிருந்து பன்னிரண்டாவது தப்படியில் மத்வல்லியின் கடை. செம்பருத்திப் பூ, சீரகம், மருதாணி. கல்லாப் பலகையில் பொட்டலம் மடிக்கும் காகிதங்கள் காற்றில் பறக்காமல் இருக்க, அதன் மேல் ஒரு கனமான இரும்பு நட்டு உட்கார்ந்திருந்தது. அதன் ஆறு மூலையிலும் கறுஞ்சிவப்பு. ஒரு செதில் உதிரவில்லை.

தமியானா கால் கிலோ செம்பருத்தி கேட்டாள். அது எங்கே கிடைத்தது என்றும் கேட்டாள்.

மத்வல்லிக்குத் தெரியவில்லை. பெருநாள் அன்று கடை மூடியிருந்தது என்றார். பெருநாளைப் பற்றி யார் கேட்டது என்றான் ஷஸ்லி. மத்வல்லி செம்பருத்தியை மறுபடி எடை போட்டார். பக்கத்துக் கடைக்காரர் எதிர்க் கடைக்காரரைப் பார்த்தார். எதிர்க் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். சந்தில் பதினெட்டுக் கடைகள். பதினெட்டும் அன்று மூடியிருந்ததாம். நட்டு காற்றில் வந்திருக்கும் என்பதில் எல்லோருக்கும் ஒருமித்த கருத்து. தமியானா செம்பருத்தியோடு நட்டையும் பையில் போட்டுக்கொண்டாள். மத்வல்லி தடுக்கவில்லை. ஒரு பெரிய பாரம் இறங்கியவர் போல, பறந்த காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சுவரைப் பாரு" என்றாள் தமியானா.

சக்கரக் குடத்தின் உயரத்தில், சுண்ணாம்புச் சுவரில் ஒரு மஞ்சள் தீற்றல். கிரீஸ். ஐந்தாறு தப்படி தள்ளி எதிர்ச் சுவரில் இன்னொன்று. அப்புறம் மறுபடி இந்தப் பக்கம். ஷஸ்லி எண்ணிக்கொண்டே உள்ளே போனான். எண்பதாவது தப்படி வரை தீற்றல்கள் வந்தன. அதற்கப்பால் சுவர் சுத்தமாக இருந்தது.

"இருபத்தாறு வருஷம் ஓட்டினவர், குடிச்சிருந்தா கூட, முன்னால போகும்போது சுவரைத் தொட மாட்டாரு" என்றான் திரும்பி வந்து. "இது பின்னால வந்த வண்டி. எண்பது தப்படி. பாவம், பாம்பு மாதிரி வந்திருக்காரு."

"கடைசியில நட்டு இங்க விழுந்துச்சு. சக்கரம் வெறும் பழக்க தோஷத்துல இன்னும் கொஞ்ச தூரம் ஓடுச்சு. வளைவுல ஞாபகம் வந்து எறங்கிடுச்சு."

"எறங்கி ஒரு சுத்து விட்டிருக்கலாமே. அவரே சொன்னாரே."

தமியானா பதினெட்டுக் கடைகளையும் பார்த்தாள். "இத்தனை பேருக்கு முன்னால ஸ்பேனரை எடுத்தா, நான் பின்வாங்கினேன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி. எடுக்காம விட்டா, யாரும் பார்க்கலைன்னு வச்சுக்கலாம்."

ஷஸ்லிக்கு உறுத்தியது வேறு. எண்பது தப்படி பின்வாங்க வைத்தவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்க வேண்டாமா. நாலு நாளாக வண்டி ஸ்டாண்டில் ஒரு முணுமுணுப்பு கூட இல்லையே.

"அதனாலதான் ஹம்மாமைப் பார்க்கப் போறோம். உஸ்தா வாயில முதல்ல வந்த பேரு அவன்தான்."

ஹம்மாம் ஸ்டாண்டில் வேப்பமர நிழலில் தன் வண்டியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அழகன். அது அவனுக்கும் தெரியும். பெருநாள் பற்றி ஒன்றும் தெரியாது, தான் அன்று மசாலாச் சந்துப் பக்கமே போகவில்லை என்றான். சந்தைப் பற்றி அவர்கள் இன்னும் கேட்டிருக்கவில்லை.

தமியானா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஷஸ்லி திரும்பவில்லை. ஒரு கை விதை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் சாய்ந்தான்.

"விடுங்கண்ணே. இதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான். பஸ்தாவி சொன்னாரு, நாங்களும் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை."

"என்ன சொன்னாரு?"

"சந்துல நேருக்கு நேர் வந்தீங்களாம். அவரு ஒரு பார்வை பார்த்தாராம். நீங்க அந்தப் பக்க முனை வரைக்கும் அப்படியே பின்னாலயே போனீங்களாம். குதிரை அழுததாம்."

விதை கொறிப்பது நின்றது. ஹம்மாமின் காது சிவந்தது, பிறகு கழுத்து. நாலு நாளாக அடைத்து வைத்திருந்தது மரை கழன்று வந்தது.

"நானா? அவன்தான்யா போனான். மீசையும் மண்ணும். எண்பது தப்படி, கழுத்தைத் திருப்பித் திருப்பி, செவுத்துல இடிச்சு இடிச்சு. ஒரு கிழவி மருதாணிக் கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுது. நான் ஒரு வார்த்தை பேசலை. பேச வேண்டிய அவசியமே இல்லை. என் வண்டியில இருந்த பே பாட்டுக்கு எழுந்து நின்னு, மாமியார் வீட்டுல சோறு ஆறிப்போகுது, எடுடா பின்னாலன்னு ஒரு சத்தம்..."

அங்கே அவன் வாயில் விதை ஒன்று மாட்டிக்கொண்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் கொடி பறந்த கட்டிடத்தைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"எந்த பே?" என்றாள் தமியானா.

ஊரில் பே என்று மரியாதையாகக் கூப்பிடப்படும் பெரிய மனிதர்கள் ஆறேழு பேர். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்து, சரியான திசையில் வந்தவனைப் பின்னால் போகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். பலகையைத் திறந்து வைத்தவர்.

மணி மூன்றரை ஆகியிருந்தது.

விசாரணை அறையில் முர்ததா பே மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் எழுத்தர். எதிரே பஸ்தாவி, துவைத்த ஜலாபியா அங்கியில், கல்யாணத்துக்கு வந்தவர் போல. மேசை மேல் நாற்பத்தொன்றாம் எண் தகடு. ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு முழுவதும் கூடியிருந்தது, முப்பது தலைப்பாகை. கட்டுப் போட்ட வாத்தியார் லுத்ஃபிக்கு நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

முர்ததா பே அறிக்கையை வாசித்தார். தமியானா கிரீஸ் விரலையும் பிறகு நட்டையும் காட்டினாள். அறிக்கை தலைகீழாக இருப்பதாகப் பணிவோடு தெரிவித்தாள். இந்த ஆள் அலட்சியமாக இருந்திருந்தால் மரை துருவேறி நட்டு ஒட்டியிருக்கும், சக்கரம் இன்றைக்கும் வண்டியில் இருக்கும். ஒழுங்காகக் கிரீஸ் போட்டதால்தான் கழன்றது. கழற்றியது கையுமில்லை, ஸ்பேனருமில்லை. வண்டி நீளமாகப் பின்னால் போயிருக்கிறது. நட்டு மசாலாச் சந்தில் கிடைத்தது.

மசாலாச் சந்து என்றதும் முர்ததா பே பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். எழுத்தர் மட்டும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார். கடமை தவறாதவர், ஆகவே ஆபத்தானவர்.

தமியானா உட்கார்ந்துவிட்டாள். எதிரே வந்தது யார் என்பதை விட்டுவிட்டாள். ஷஸ்லி அவள் காதில், சொல்லுங்களேன் மேடம் என்றான். சொன்னால் இன்றைக்கு பே தோற்பார், நாளைக்கு வேறு காரணத்துக்குத் தகடு போகும் என்றாள் அவள். சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கிறார். சொன்னால் தகடு மிஞ்சும், சொல்லாவிட்டால் மீசை.

முர்ததா பேக்கும் கணக்கு புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை அவர்; அந்தப் பதவிக்கு அது ஒரு குறைதான். வண்டி பின்னால் போகவே இல்லை என்றால், எதிரே யார் வந்தது என்ற கேள்வியே எழாது. குரலில் தேன் சொட்டியது.

"பஸ்தாவி, உன் அப்பாவை எனக்குத் தெரியும். சிங்கம். இந்த அம்மா சொல்றாங்க, நீ ஒருத்தனுக்குப் பயந்து பின்னாலயே போனியாம், பொம்பளைங்க பார்க்க. இத்தனை பேர் முன்னால கேட்கிறேன். நீ போகலைதானே? போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. எழுதி முடிச்சுடுவோம்."

ஜன்னலில் முப்பது தலைப்பாகையும் அசையவில்லை. முன்வரிசையில் ஹம்மாம்.

பஸ்தாவி தகட்டைப் பார்த்தார். அதன் மூலையில் பெயிண்ட் உரிந்திருந்தது. மீசையைத் தடவப் போன கை பாதியில் இறங்கியது. மின்விசிறி மூன்று முறை கிரீச்சிட்டது. அதற்கும் யாரோ எண்ணெய் விட்டிருக்கலாம்.

"நான் போகலை, பே" என்றார்.

ஷஸ்லி கண்ணை மூடிக்கொண்டான். முர்ததா பே நாற்காலியில் சாய்ந்தார்.

"குதிரைதான் போச்சு" என்றார் பஸ்தாவி. "நான் கடைசி வரைக்கும் முன்னாலதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

எழுத்தர் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ தும்மினார்கள். சிரிப்பை விழுங்கினால் வரும் தும்மல். வாத்தியார் லுத்ஃபி தலையை ஆட்டினார், ஒரு கடினமான கணக்கின் விடையை ஏற்றுக்கொள்பவர் போல.

"எண்பது தப்படி போச்சு" என்றார் பஸ்தாவி. இப்போது குரல் உரத்தது. "நான் எறங்கி நட்டை முறுக்கியிருக்கணும். முறுக்கலை. அது என் வெட்கம். வாத்தியார் ஐயாகிட்ட அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஆனா என் அச்சு காய்ஞ்சு கிடந்துச்சுன்னு எழுதினவன் வாயில மண்ணு."

எழுத்தர் நிமிர்ந்தார். அவருக்கு முன்னால் அச்சடித்த படிவம் இருந்தது. அடுத்த கட்டம் காலியாக இருந்தது. "குதிரை பின்னால் சென்றதன் காரணம்?"

எழுத்தரின் பேனா காலிக் கட்டத்தின் மேல் காத்து நின்றது.

"எதிர்ல வந்த வண்டியில இருந்தவரு சொன்னாரு, குதிரை கேட்டுச்சு. நல்ல குதிரை, யாருக்குக் கீழ்ப்படியணும்னு அதுக்குத் தெரியும்" என்றார் பஸ்தாவி. "அடையாளம் காட்டச் சொன்னா காட்டவும் காட்டும். வெளியிலதான் கட்டியிருக்கேன். கொண்டு வரட்டுமா, பே?"

முர்ததா பே எழுத்தரின் கையிலிருந்து படிவத்தை மெதுவாக இழுத்துக்கொண்டார். எழுத்தருக்கு இன்னும் மூன்று கட்டம் பாக்கி இருந்தது. அவர் விடப் பார்க்கவில்லை. ஒரு சிறிய இழுபறிக்குப் பிறகு சட்டம் தோற்றது. பே தன் கையாலேயே குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே இரண்டு வரி எழுதினார்: தற்செயல் விபத்து. எவர் மீதும் குற்றம் இல்லை. பொறியாளரின் அறிக்கை காணாமல் போய்விட்டதாகவும் சேர்த்தார். அறிக்கை அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது.

பிறகு தகட்டை எடுத்து, பஸ்தாவியின் முகத்தைப் பார்க்காமல், மேசை மேல் தள்ளினார்.

பஸ்தாவி அதை இரண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சில் அணைத்துக்கொண்டார். அதிகாரியின் அறையிலிருந்து வெளியே போகிறவர்கள் அங்கே முதுகைக் காட்டுவதில்லை. குனிந்து, மார்பில் கை வைத்து, கதவு வரை பின்னாலேயே நடப்பார்கள். அவரும் குனிந்தார். ஓரடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி.

மூன்றாவது அடிக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

பஸ்தாவி காலை ஊன்றினார். நிமிர்ந்தார். நிதானமாகத் திரும்பி, தன் அகன்ற முதுகு முழுவதையும் முர்ததா பேக்குக் காட்டிக்கொண்டு, முகம் பார்த்த திசையிலேயே வெளியே நடந்து போனார்.